கிருபாவின் டூப்

தென்காசியில் ஸ்டான்லி என்ற பெயரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். மருந்துக்கடை ஸ்டான்லி, முனிசிபாலிட்டி ஸ்டான்லி, சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற ஸ்டான்லி. கராத்தே ஸ்டான்லி என்று கேட்டால் மட்டும், டூவீலர் ஷோரூமில் சர்வீஸுக்கு வண்டி எடுக்கிற, குட்டையான, ஒல்லியான, முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய மீசை வைத்த ஆளைக் கைகாட்டுவார்கள்.

அந்தப் பெயரை அவன் சும்மா வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மாவட்டப் போட்டியில் ஜெயித்தவன். கல்லூரியில் மாநில அளவில் மெடல் வாங்கினான். காலைத் தூக்கி உதைக்கிற அவன் போட்டோ பேப்பரில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் வெளிநாட்டுச் சண்டைப் படங்களைத் தமிழில் பேசவிட்டுப் போடுவார்கள். ஒன்று விடாமல் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் ஒவ்வோர் அடியையும் செய்து பார்ப்பான். தன் உதைக்கும் ஒருநாள் தியேட்டரில் விசில் பறக்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கல்லூரி முடித்ததும் சென்னைக்குப் போனான். வடபழனியில் ஓர் அறையில் ஆறு பேரோடு இரண்டு வருஷம் கிடந்தான். சண்டைக்காரர்கள் சங்கத்தின் கார்டு இல்லாமல் கேமரா முன்னால் ஒரு அடிகூட வாங்க முடியாது. கார்டு கிடைக்கவில்லை. கூட்டத்தில் ஒருவனாக ஓடினான். மேலேயிருந்து விழுகிறவர்களுக்குக் கீழே அட்டைப்பெட்டி அடுக்கினான். கடைசியில் மஞ்சள் காமாலையோடு ஊர் வந்து சேர்ந்தான்.

“சினிமாவுல ஒருத்தனுக்கும் நெசமா சண்டை போடத் தெரியாதுலே. எல்லாம் டுபாக்கூர்” என்று கூட்டாளிகளிடம் சொன்னான். அதற்குப் பிறகு டிவியில் சண்டைக் காட்சி வந்தால், “பாரு, கை படவே இல்ல, அவன் எதுக்கு விழுதான்?” என்று முடிகிற வரைக்கும் திட்டுவான். சேனலை மட்டும் மாற்ற மாட்டான்.

கிருபாவை அவன் கண்டது கராத்தே வகுப்பில்தான். கடையத்துப் பெண். அவளும் பிளாக் பெல்ட். பார்த்துப் பழகி, இரண்டு வீட்டிலும் பேசிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மகள் பிறந்த பிறகு அவள் வகுப்புக்கு வருவது நின்றுபோனது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். எப்போதாவது சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனவள் நாலு உதை உதைத்துவிட்டு இறங்குவாள். அதை ஸ்டான்லி பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வீட்டுக்கு ஒரு கராத்தேக்காரர் போதும் என்று அவன் மனதில் இருந்தது. அவள் மனதில் என்ன இருந்தது என்று அவன் கேட்டதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின சீசனில் குற்றாலத்துக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. சினிமாக்காரர்கள் வருவது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. சூரியகாந்தி பூத்தால் சுந்தரபாண்டியபுரத்துக்கு யாராவது பாட்டு எடுக்க வந்துவிடுவார்கள். ஆனால் இந்தத் தடவை வந்தவர்கள் சண்டை எடுக்க வந்தார்கள். கதாநாயகிதான் படத்தில் சண்டை போடுகிறவள். குற்றாலத்துக்கு மேற்கே ஒரு தனியார் தோட்டம், அதற்குள் ஓர் ஓடை, ஓடைக்கரையில் இடிந்த கல்மண்டபம். பத்து நாள் அங்கேயே வேலை.

அவர்களுக்கு அறை பிடித்துக் கொடுத்தவன் முகம்மது யூசுப். ஸ்டான்லியோடு ஒரே பெஞ்சில் படித்தவன், குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவன். அவன்தான் போன் செய்தான்.

“ஏலே ஸ்டான்லி, உள்ளூர்ல சண்டை தெரிஞ்ச ஆளு வேணுமாம். வெளியூர் ஷூட்டிங்னால கார்டெல்லாம் கேக்க மாட்டாங்களாம். மாஸ்டர்ட்ட உன்னைப் பத்திச் சொல்லிட்டேன். நாளைக்கு மத்தியானம் வந்துரு.”

“எனக்கு எதுக்குல அதெல்லாம்” என்று சொன்ன ஸ்டான்லி, அன்று சாயங்காலமே ஷோரூமில் லீவு சொன்னான். மீசையைத் திருத்திக்கொண்டான். பழைய வெள்ளை உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டான். இத்தனை வருஷம் கழித்துச் சினிமா அவனைத் தேடி வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது என்று தோன்றியது.

சண்டை மாஸ்டரின் பெயர் ஞானசம்பந்தம். ஐம்பது வயது தாண்டியவர், இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டியிருந்தார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்தின் ஓரத்தில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே மெத்தை போட்டிருந்தார்கள். மாஸ்டர் தன் ஆட்களில் ஒருவனை எதிரே நிறுத்தினார்.

“தம்பி, இவன் முகத்துக்கு மூணு குத்து விடு. படக்கூடாது.”

முதல் குத்து படவில்லை. இரண்டாவதும் படவில்லை. மூன்றாவது குத்தில், பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எதிரே நின்றவனின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

மாஸ்டர் கோபப்படவில்லை. “தம்பி, உனக்கு அடிக்கத் தெரியுது. அடிக்காம இருக்கத் தெரியலையே” என்றார். “பரவாயில்லை, அடியாளுங்க கூட்டத்துல நில்லு. கறுப்புச் சட்டை போட்டுக்க.”

ஸ்டான்லிக்குக் காது சுட்டது. சரி, கூட்டத்திலாவது நிற்போம் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிற நேரத்தில் கிருபா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வீட்டுச் சாவியை அவன் மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். லேபில் வேலை முடிந்து சாவி வாங்க வந்திருந்தாள்.

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கதாநாயகிக்கு டூப் போடுகிற பெண் காய்ச்சலில் சென்னையிலேயே படுத்துவிட்டாளாம். “அந்தப் பொண்ணு யாருப்பா? உயரம் சரியா இருக்கே” என்று யூசுப்பிடம் கேட்டார்.

“நம்ம ஸ்டான்லி வீட்டுக்காரிதான் மாஸ்டர். அதுவும் பிளாக் பெல்ட்டு” என்றான் யூசுப். நல்ல மனதோடுதான் சொன்னான். ஸ்டான்லி அவனைப் பார்த்த பார்வையை அவன் கவனிக்கவில்லை.

கிருபா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினாள். உதடு கிழிந்த அதே ஆள் எதிரே வந்து நின்றான். அவள் ஒரு சுற்றுச் சுற்றி உதைத்தாள். பாதம் அவன் காதருகே வந்து, இலை நின்ற மாதிரி நின்றது. அவன் சுழன்று போய் மெத்தையில் விழுந்தான்.

“ஐயோ, பட்டுருச்சா அண்ணே?” என்று கிருபா பதறினாள்.

மொத்தக் கூட்டமும் சிரித்தது. “படலம்மா. படாததுதான் இங்க வேலையே” என்றார் மாஸ்டர்.

வீடு திரும்பும்போது அவள் ஸ்கூட்டர் முன்னால் போனது, இவன் பைக் பின்னால். மேலகரத்தில் கூட்டம் நெருங்கி வண்டிகள் நின்றபோது அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சாரல் வழிந்தது.

“ஏங்க, போகவா வேண்டாமா? நீங்க சொல்லுங்க.”

“போ. எனக்கென்ன?” என்றான் ஸ்டான்லி. அந்த ‘எனக்கென்ன’ அவனுக்கே நாராசமாகக் கேட்டது.

அவள் லேபில் லீவு போட்டாள். தினமும் இருவரும் சேர்ந்தே தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே போனதும் அவள் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். அவளுக்கு இடுப்பில் பெல்ட் மாட்டிக் கயிற்றில் இழுத்தார்கள். மாஸ்டரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். கதாநாயகி குடைக்குள்ளிருந்து எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துப் பேசினாள். இவன் மற்ற கறுப்புச் சட்டைக்காரர்களோடு மரத்தடியில் குந்தியிருந்தான். ‘கிருபா’ என்று மாஸ்டர் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் இவன் தலை தானாகத் திரும்பியது. ‘தம்பி’ என்று ஒரு தடவை கூப்பிட மாட்டாரா என்று காத்திருந்தான். கூப்பிட்டார். “தம்பி, அந்த மெத்தையைக் கொஞ்சம் தள்ளிப் போடு” என்றார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கிருபாவின் அம்மா ஞானபாக்கியம், பேத்தியைப் பார்த்துக்கொள்ளக் கடையத்திலிருந்து வந்திருந்தாள். தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரிடமும், “எம்மவ சினிமாவுல பறக்கா” என்றாள். சர்ச்சில் பாஸ்டர், ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது கிருபாவுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். யாரோ எடுத்த வீடியோவில் அவள் கயிற்றில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு ஷோரூம் மேனேஜர் போன் செய்து, “ஏன் ஸ்டான்லி, நீங்கதான கராத்தே?” என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். அன்று முழுக்க ஸ்டான்லிக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளைக் குறை சொல்லுவான். “இடுப்பு திரும்பவே இல்ல. நெசப் போட்டியா இருந்தா அந்த நிமிசமே ஒனக்கு விழுந்திருக்கும்.”

“சரிங்க” என்பாள் கிருபா, உடம்பெல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டே. அவள் எதிர்த்துப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நிம்மதியான ‘சரிங்க’தான் அவனைக் கொன்றது.

ஒருநாள் ராத்திரி, மறுநாள் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி அவன் போனுக்குத் தகவல் வந்தது. பார்த்தான். போனைக் கவிழ்த்து வைத்தான். காலையில் அவள் நிதானமாக மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போதுதான், “ஆமா, இன்னைக்குச் சீக்கிரம் வரணுமாம்” என்றான். அரைகுறையாக ஓடினார்கள். மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கிருபாவைச் சத்தம் போட்டார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். அதைப் பார்த்து அவனுக்குள் சர்க்கரைத் தண்ணீர் குடித்த மாதிரி ஓர் இனிப்பு இறங்கியது. உடனே தன்மேல் அருவருப்பும் வந்தது. ஆனால் இனிப்புதான் முதலில் வந்தது.

மண்டபத்துச் சண்டையின் முக்கியமான ஷாட் வந்தது. கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக ஓடி வருவார்கள், கதாநாயகி ஒவ்வொருவரையும் வீழ்த்துவாள். கடைசி ஆள் ஸ்டான்லி. அவன் சட்டைக்குள் கனமான பஞ்சுப் பட்டை. கிருபா படிக்கட்டிலிருந்து தாவி அவன் நெஞ்சில் உதைப்பாள். கால் பட்டதும் அவன் பின்னால் போய் அட்டைப்பெட்டிகளின் மேல் விழ வேண்டும். அவன் பின்னால் போனால்தான் அவள் கால் ஊன்றி இறங்க இடம் கிடைக்கும். ஒத்திகையில் சரியாகத்தான் விழுந்தான். “அப்படித்தான் தம்பி” என்று மாஸ்டர்கூடச் சொன்னார்.

கயிறு கட்டி நிறுத்தியிருந்த கூட்டத்தில் தென்காசிக்காரர்கள் நிறைய. டேக் தொடங்கப்போகிற நேரத்தில் அதிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏலே கராத்தே! வீட்டுல வாங்குதது பத்தலைன்னு இங்கன வேற வாங்க வந்துட்டியா?”

கூட்டம் சிரித்தது. ஃபைட்டர்கள் சிரித்தார்கள். குடைக்கடியில் கதாநாயகியும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கிருபா சிரிக்கவில்லை. படிக்கட்டின் மேலிருந்து அவனை ஒரு தடவை பார்த்தாள்.

கேமரா ஓடியது. ஸ்டான்லி ஓடினான். அவள் தாவினாள்.

கால்கள் தாமாக ஊன்றிக்கொண்டன, பழக்கதோஷம் என்றுதான் பிறகு தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்தான். ஆனால் அவள் பாதம் நெஞ்சுக்கு வருவதற்கு முன்னால், ‘இப்பப் பார்ப்போம்’ என்று உள்ளே ஒன்று சொன்னது. அதை அவன் தெளிவாகக் கேட்டான். அவன் அசையவில்லை. சுவரில் உதைத்தவள் போல கிருபா திரும்பித் தெறித்தாள். ஈரக் கல்லில் இடது கையை ஊன்றி விழுந்தாள். மரக்குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஞானபாக்கியம் சினிமாவையும் மழையையும் பாறையையும் சபித்துக்கொண்டு டீ வாங்கப் போனாள். அதுவரை கண்ணை மூடியிருந்த கிருபா திறந்தாள்.

“பாறை வழுக்கிருச்சுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்.”

“வழுக்கத்தான செஞ்சுது” என்றான் ஸ்டான்லி.

“அதுக்கு முன்ன நீங்க நின்னீங்க. எத்தனை வருசம் உங்க கூட மோதிப் பழகியிருக்கேன். நீங்க எப்ப ஊனி நிப்பீங்கன்னு எங்காலுக்குத் தெரியாதா?”

அவன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எதுக்கு?” என்று கேட்டாள்.

“தெரியல.”

“தெரியும். சொல்லுங்க.”

“நான் அங்கன ரெண்டு வருசம் நாயா கெடந்தேன் கிருபா. பெட்டி அடுக்குனேன். நீ வீட்டுச் சாவி வாங்க வந்த. என்னால பாக்க முடியல.”

“நான் சாவி வாங்கத்தான் வந்தேன். அதுக்கு நான் என்ன செய்யட்டும்?” என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. ஒரு கையால் முகம் கழுவினாள், ஒரு கையால் துணி மடித்தாள். மகளுக்கு ஜடை பின்ன முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டாள். ரத்தம் எடுக்க இரண்டு கையும் வேண்டும். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் லேபுக்குப் போக முடியாது. ஸ்டான்லி சமையற்கட்டுக்கும் வாசலுக்குமாக அலைந்தான். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போனது. அது சின்ன வார்த்தையாக இருந்தது.

மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். கிருபாவை நலம் விசாரித்துவிட்டு, ஸ்டான்லியை வாசலுக்கு அழைத்துப் போனார்.

“ஒரு ஷாட் பாக்கி இருக்கு. மண்டபத்து மேலருந்து ஓடையைத் தாண்டிக் குதிச்சு, காத்துல ஒரு சுத்து சுத்தி இறங்கணும். ஹீரோயின் நாளன்னைக்குக் கிளம்பிடுவாங்க. இனிமே ஆள் வரவழைக்க நேரம் இல்லை.” அவனை மேலும் கீழும் பார்த்தார். “உன் உயரம் சரியா இருக்கு. இடுப்பும் ஒல்லி. விக் வெச்சா தெரியாது. மீசையை எடுப்பியா?”

சினிமா அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஸ்டான்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்” என்றான்.

உள்ளே போய்க் கேட்டான். கிருபா தலையணையை நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“செய்யுங்க. ஆனா அது என் ஷாட்டு. நான் குதிக்க மாதிரிதான் குதிக்கணும். உங்க மாதிரி குதிச்சீங்கன்னா, அங்கனயே எல்லார் முன்னாலயும் நெசத்தைச் சொல்லிருவேன்.”

மறுநாள் காலை சலூனில் உட்கார்ந்தான். சலூன்காரர் கத்தியைத் தூக்கிக்கொண்டு தயங்கினார். “வீட்டுல ஏதும் துக்கமா அண்ணாச்சி?” என்றார். “ஆமான்னு வச்சுக்கோங்க” என்றான் ஸ்டான்லி.

தோட்டத்தில் கிருபா கையைக் கழுத்தோடு கட்டிய துணியில் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் சுடிதாரும் நீளமுடி விக்கும் போட்டுக்கொண்டு எதிரே நின்றான். யாரும் சிரிக்கவில்லை. சினிமாவில் இது தினமும் நடக்கிறதுதான்.

“தோளை இறக்குங்க. அது ஆம்பளத் தோளா இருக்கு.”

இறக்கினான்.

“கால் வைக்கையில பூமிய மிரட்டாதீங்க. திரும்ப.”

திரும்பச் செய்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் எப்படி நடக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது என்பது அன்றுதான் தெரிந்தது. தாவுவதற்கு முன்னால் அவள் மூச்சை முழுதாக விட்டுவிடுகிறாள். தலை முதலில் திரும்புகிறது, உடம்பு அதன் பின்னால் இழுபட்டு வருகிறது. யாரையும் அடிக்கப் போகாதவளின் அசைவு அது. அவன் உடம்பு பதினைந்து வருஷமாக யாரையோ அடிக்கப் போய்க்கொண்டே இருந்தது.

அதுவரை அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்றுதான் பொறாமைப்பட்டிருந்தான். உயரம் சரியாக இருந்தது, வேறொருத்திக்குக் காய்ச்சல் வந்தது, அவ்வளவுதான் என்று. இப்போது அவள் செய்ததைத் தன் உடம்பால் செய்ய முயன்று திரும்பத் திரும்பத் தோற்றபோது, அது அதிர்ஷ்டம் இல்லை என்று எலும்பில் தெரிந்தது. பொறாமை போகவில்லை. முன்னைவிட ஆழமாக இறங்கியது. ஆனால் அதில் இருந்த வன்மம் எங்கேயோ கரைந்துபோயிருந்தது.

இடுப்பில் கயிறு மாட்டி மண்டபத்தின் மேல் ஏற்றினார்கள். கீழே ஓடை நுரைத்துக்கொண்டு ஓடியது. கிருபாவைப் பார்த்தான். அவள் மூச்சை விடும்படி வாயைக் குவித்துக் காட்டினாள். விட்டான். தாவினான். தலை முதலில் திரும்பியது. மரங்கள் ஒரு சுற்றுச் சுற்றின. அக்கரையில் அவன் பாதம் சத்தமில்லாமல் இறங்கியது.

மாஸ்டர் மானிட்டரில் குனிந்து பார்த்தார். திரும்பப் போட்டுப் பார்த்தார்.

“அப்படியே கிருபா!” என்று கத்தினார்.

யூனிட் முழுக்கக் கைதட்டியது. ஸ்டான்லி விக்கோடு நின்றுகொண்டு அந்தக் கைதட்டலைக் கேட்டான். வாழ்நாள் முழுக்க அவன் ஏங்கிய சத்தம் அது. அது வேறொருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது.

“நல்லாருந்துதா?” என்று கிருபாவிடம் போய்க் கேட்டான்.

“கடைசியில கொஞ்சம் மிரட்டிட்டீங்க” என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் முகத்தில் அன்றுதான் ஒரு சிரிப்பு தெரிந்தது. அது மன்னிப்பு என்று அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் படம் வந்தது. தென்காசித் தியேட்டரில் தெருவே ஒரு வரிசை பிடித்து உட்கார்ந்தது. மண்டபத்துச் சண்டை வந்ததும், “கிருபாக்கா! கிருபாக்கா!” என்று கத்தல். படிக்கட்டிலிருந்து தாவுகிற ஷாட்டில் விழுந்ததை வெட்டிவிட்டிருந்தார்கள். உதை மட்டும் இருந்தது. கறுப்புச் சட்டை அடியாளின் முதுகு கண் இமைக்கிற நேரம் தெரிந்து மறைந்தது. பிறகு அந்தக் குதியல். நீளமுடி காற்றில் பறக்க, ஓடைக்கு மேல் ஓர் உருவம் சுழன்று இறங்கியது. விசில் சத்தத்தில் வசனம் கேட்கவில்லை. ஞானபாக்கியம் எழுந்து நின்று கைதட்டினாள்.

“அம்மா, அது நான் இல்ல. இவுக” என்றாள் கிருபா.

“போடி கிறுக்கி” என்றாள் ஞானபாக்கியம். “எம்மவ குதிக்கது எனக்குத் தெரியாதாக்கும்?”

பின்வரிசையிலிருந்தவர்களிடமும் கிருபா திரும்பிச் சொன்னாள். புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று அவர்கள் சிரித்தார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, ஸ்டான்லி பார்த்தான். ‘கிருபா, தென்காசி’ என்று வந்தது. அதற்குக் கீழேயும் தேடினான். திரை வெள்ளையாகிற வரைக்கும் தேடினான்.

கிருபாவுக்கு அதன் பிறகு அழைப்புகள் வந்தன. மாஸ்டர் ஒரு டிவி தொடருக்குச் சண்டை அமைக்க ஒப்புக்கொண்டபோது, நாயகி போலீஸ் அதிகாரி, அவளுக்கு டூப் நீதான் என்று போனில் சொல்லிவிட்டார். லேபில் சம்பளமில்லாத லீவு கேட்டு, மாதத்தில் பத்து நாள் சென்னைக்குப் போய் வருகிறாள். சங்கத்தில் கார்டும் வாங்கிவிட்டாள். நீலநிறக் கார்டு. அதை அவள் மேசைமேல் வைத்திருந்தபோது ஸ்டான்லி எடுத்து முன்னும் பின்னும் பார்த்தான். வடபழனியில் ஒரு காலத்தில் அடுத்தவன் சட்டைப்பைக்குள் எட்டிப்பார்த்த கார்டு. வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் ஏறியது. இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய் மகளுக்குத் தோசை ஊற்றினான்.

அவனையும் ஒரு தடவை மாஸ்டர் கூப்பிட்டார். வேறொரு படத்தில் இன்னொரு நடிகைக்கு டூப். ஸ்டான்லி இரண்டு நாள் யோசித்துவிட்டு, வரவில்லை என்றான். மீசை வளர்ந்துவிட்டது மாஸ்டர் என்று சொல்லிச் சிரித்தான். உண்மையில், அந்த ஒரு குதியலுக்கு அப்புறம் கிருபா மாதிரி இல்லாமல் குதிக்க அவனுக்குத் தெரியவில்லை. இன்னொருத்திக்காக அப்படிக் குதிக்க மனமும் இல்லை.

இந்த ஆடியில் ஒரு சாயங்காலம், சென்னை ரயிலுக்கு அவளை ஏற்றிவிடத் தென்காசி ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். மலையில் மேகம் இறங்கி நின்றது. முழங்கால் பட்டை, தைலம், டிபன் டப்பா எல்லாம் இருந்த பையை அவன் தூக்கிக்கொண்டான்.

“இந்தத் தடவை என்ன ஷாட்டு?” என்று கேட்டான்.

“ஓடுத பஸ்ஸு மேல சண்டையாம்.”

“பஸ்ஸு மேலயா?” கேட்கும்போதே நெஞ்சில் முள் குத்தியது. அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

“வயிறு எரியுதா?” என்றாள்.

“எரியுது.”

“எரியட்டும். மறைக்காம சொன்னா சரிதான்.” அவள் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். மழைக்காலத்தில் இன்னமும் வலிக்கும். “நாளைக்கு நம்ம பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல படம் வரையணுமாம். கலர் பென்சில் வாங்கிக் குடுத்துருங்க.”

ரயில் வந்தது. பையை ஏற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினான். ஜன்னலோரம் வந்து நின்று, “கயிறு கட்டுதவன்ட்ட ரெண்டு தரம் இழுத்துப் பாக்கச் சொல்லு. பஸ்ஸு பிரேக் போட்டா ஒடம்பு முன்ன போகும். மூச்சை விட்டுட்டு இறங்கு” என்றான்.

“தெரியுங்க” என்றாள் கிருபா.

“தெரியும்னு தெரியும். சொல்லுதேன்.”

ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் நின்றான். கலர் பென்சில் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று பைக்கை எடுத்தான்.